சீக்ராம் கட்டடம்: ஒரு கறுப்புப் பெட்டிக்கு ஏன் இவ்வளவு பேச்சு?

கேள்வி இதுதான்: "நியூயார்க் பார்க் அவென்யூவில் இருக்கும் சீக்ராம் கட்டடத்தைப் படத்தில் பார்த்தேன். கறுப்பாக ஒரு நீளப் பெட்டி. இந்த மாதிரிப் பெட்டிகள் உலகத்தில் எல்லா ஊரிலும் இருக்கின்றன. இதை மட்டும் ஏன் கட்டடக்கலை மாணவர்களுக்கு இன்றுவரை பாடமாக நடத்துகிறார்கள்?"

எல்லா ஊரிலும் அந்த மாதிரிப் பெட்டிகள் இருப்பதற்கே இந்தக் கட்டடம் ஒரு முக்கியக் காரணம் என்பது பாதி பதில். மீதிப் பாதிதான் சுவாரசியமானது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீக்ராமின் அருமையில் பாதி அந்தக் கோபுரத்தில் இருக்கிறது, பாதி அதன் முன்னால் கட்டாமல் விட்ட இடத்தில் இருக்கிறது. கோபுரத்தை மற்றவர்கள் நகலெடுத்தார்கள். கட்டாமல் விட்ட இடத்தை அரசாங்கமே சட்டம் போட்டு நகலெடுக்கப் பார்த்தது. இரண்டு நகலும் தேறவில்லை. ஏன் தேறவில்லை என்று பார்த்தால் இந்தக் கட்டடத்தில் என்ன விசேஷம் என்பது தானாகவே விளங்கிவிடும்.

சீக்ராம் மது நிறுவனத்தின் தலைவர் சாமுவேல் பிரான்ஃப்மன் கனடாவின் மான்ட்ரியாலைச் சேர்ந்த சாராய அதிபர். அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில் எல்லைக்குக் கனடாப் பக்கம் இருந்து விஸ்கி விற்று வளர்ந்த குடும்பம். 1950-களில் பணத்துக்குக் குறைவில்லை, மரியாதைக்குத்தான் கொஞ்சம் தட்டுப்பாடு. நிறுவனத்தின் நூற்றாண்டு 1957-58 வாக்கில் வருகிறது, அதற்குள் நியூயார்க்கில் பெயர் சொல்லும்படி ஒரு தலைமையகம் வேண்டும் என்று நினைத்தார். பார்க் அவென்யூவில் 52-ஆம் தெருவுக்கும் 53-ஆம் தெருவுக்கும் நடுவே, மான்டனா என்ற பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு இருந்த மனை கைக்கு வந்தது. 1954-ல் பெரேரா அண்ட் லக்மன் என்ற நிறுவனம் வரைந்த வடிவமும் வெளியானது.

இந்த லக்மன் ஒரு தனி ரகம். படித்தது கட்டடக்கலை, ஆனால் சோப்பு வியாபாரத்துக்குப் போய் லீவர் பிரதர்ஸின் அமெரிக்கத் தலைவராகவே ஆனவர். சீக்ராம் மனைக்கு எதிர்ச்சாரியில், சற்று வடக்கே, 1952-ல் எழுந்த லீவர் ஹவுஸ் அவர் தலைமையில் இருந்தபோது முடிவான திட்டம். ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அண்ட் மெரில் நிறுவனத்தின் கார்டன் பன்ஷாஃப்ட் வடிவமைத்த 24 மாடிப் பச்சைக் கண்ணாடிக் கட்டடம் அது. செங்கல்லும் கல்லுமாக இருந்த பார்க் அவென்யூவில் முதலில் நுழைந்த கண்ணாடி. ஆக, அவ்வளவு நல்ல கட்டடத்துக்கு வழிவிட்ட மனிதர், தானே பென்சில் எடுத்தபோது சீக்ராமுக்குக் கொடுத்தது ஒரு சுமாரான வடிவம். நல்ல வேலையை அடையாளம் காண்பதும் அதைச் செய்வதும் வேறு வேறு திறமைகள்தான் போலும்.

அந்தப் படம் பாரிஸில் இருந்த பிரான்ஃப்மனின் மகள் ஃபிலிஸ் லாம்பர்ட்டின் கண்ணில் பட்டது. அப்போது அவருக்கு வயது 27. 1954 ஜூன் 28 தேதியிட்டு அப்பாவுக்கு 8 பக்கக் கடிதம் எழுதினார். 'கூடாது' என்பதை ஐந்து முறை அடுக்கித்தான் கடிதமே ஆரம்பிக்கிறது. ஒரு கட்டடம் கட்டுகிறவர் தன் நிறுவனத்துக்கு மட்டும் கட்டவில்லை, தெருவில் போகிற ஒவ்வொருவருக்காகவும் கட்டுகிறார், அந்தப் பொறுப்பு உங்களுக்கு உண்டு என்பதுதான் சாரம். அப்பா மகளைச் சமாதானப்படுத்த, "வந்து தரைத்தளத்துக்கு மார்பிள் தேர்ந்தெடுத்துக் கொடு" என்கிற ரீதியில் கூப்பிட்டார். மகள் மார்பிளோடு நிற்கவில்லை. கட்டடக் கலைஞரைத் தேர்ந்தெடுக்கும் வேலையையே கையில் எடுத்துக்கொண்டார்.

நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கட்டடக்கலைத் துறையைப் பார்த்துக்கொண்டிருந்த ஃபிலிப் ஜான்சன் அவருக்கு வழிகாட்டினார். அன்றைய பெரிய பெயர்களை எல்லாம் பட்டியல் போட்டார்கள். இந்த வேலையைச் செய்ய முடியும், ஆனால் அவரிடம் கொடுக்கக் கூடாது என்று சிலர். கொடுக்கலாம், ஆனால் அவரால் முடியாது என்று சிலர். வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் லு கார்பூசியே, ஃபிராங்க் லாய்ட் ரைட், மீஸ் வான் டெர் ரோ என்று வந்து நின்றது. மற்ற இருவரின் பாணியைப் பார்த்து வியக்கலாம், ஆனால் அதிலிருந்து அடுத்த தலைமுறை கற்றுக்கொண்டு தானாகக் கட்ட முடியாது, மீஸிடம் கற்கலாம் என்பது லாம்பர்ட்டின் முடிவு. அந்த முடிவு எந்த அளவுக்கு உண்மையாகப் போகிறது என்று அவருக்கே அன்று தெரிந்திருக்காது.

மீஸ் 1886-ல் ஜெர்மனியின் ஆஹன் நகரில் கல்தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். கட்டடக்கலைப் பட்டம் எதுவும் இல்லை. ஜெர்மனியின் புகழ்பெற்ற வடிவமைப்புப் பள்ளியான பவுஹவுஸின் கடைசி இயக்குநர். 1938-ல் அமெரிக்கா வந்து சிகாகோவில் பாடம் நடத்தினார். பெர்லினில் 1921-ல் நடந்த ஒரு போட்டிக்கே முழுக் கண்ணாடிக் கோபுரம் வரைந்து கொடுத்தவர். அது காகிதத்தோடு நின்றது. சீக்ராம் வேலை வந்தபோது அவருக்கு 68 வயது. அந்த வயதுவரை அவர் ஒரு உயரமான அலுவலகக் கட்டடம்கூடக் கட்டியதில்லை.

கூத்து என்னவென்றால், வேலை நடந்துகொண்டிருக்கும்போதே நியூயார்க் மாநிலம் அவருக்குக் கட்டடக் கலைஞர் உரிமம் தர மறுத்தது. பள்ளிப் படிப்பு முடித்ததற்குச் சான்று கேட்டார்கள். உலகமே தேடி வந்து பாடம் கேட்கும் பேராசிரியரிடம்! மீஸ் கோபித்துக்கொண்டு சிகாகோ திரும்பிவிட, கூட்டாளியாக இருந்த ஜான்சனும், உள்ளூர் நிறுவனமான கான் அண்ட் ஜேக்கப்ஸும் வேலையைத் தாங்கிப் பிடித்தார்கள். பிறகு உரிமம் வந்தது.

இனி அந்தக் காலியிடத்துக்கு வருவோம். இதற்கு 1916-ஆம் ஆண்டின் மண்டல விதிகள், அதாவது எங்கே எதை எவ்வளவு கட்டலாம் என்று நகரம் போட்ட விதிகள், தெரிந்திருக்க வேண்டும். 1915-ல் கீழ் மன்ஹாட்டனில் எக்விட்டபிள் கட்டடம் என்று ஒன்று எழுந்தது. 38 மாடி. மனையின் ஓரத்தில் தொடங்கி உச்சிவரை நேராக, தெருவின் வெளிச்சத்தை மொத்தமாக விழுங்கிக்கொண்டு நின்றது. பக்கத்துக் கட்டடக்காரர்கள் அலறினார்கள். அதற்கு அடுத்த ஆண்டு வந்த விதி, உயரம் ஏற ஏறக் கட்டடம் தெருவிலிருந்து பின்வாங்க வேண்டும் என்றது. மனையின் கால்பங்குப் பரப்புக்குள் அடங்கும் கோபுரமாக இருந்தால் மட்டும் எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் போகலாம்.

நில விலை தெரிந்த யாரும் அந்தக் கால்பங்கை மட்டும் கட்டிவிட்டு மற்றதைச் சும்மா விட மாட்டார்கள். விதி அனுமதிக்கும் கடைசி அங்குலம்வரை கட்டுவார்கள். அதனால்தான் அந்தக் கால நியூயார்க் கட்டடங்கள் எல்லாம் படிப்படியாகக் குறுகிக்கொண்டே மேலே போகின்றன. அந்த வடிவத்தை வரைந்தது விதிப்புத்தகம். கட்டடக் கலைஞருக்கு அதில் பெரிய பங்கில்லை.

மீஸ் அந்த விதியைத் தலைகீழாகப் படித்தார். கோபுரத்தைக் கால்பங்குக்குள் அடக்கினார். பார்க் அவென்யூவிலிருந்து சுமார் 90 அடி பின்னால் தள்ளி நிறுத்தினார். படி வைக்காமல் தரையிலிருந்து உச்சிவரை ஒரே நேர்கோட்டில் 38 மாடி, 515 அடி. எக்விட்டபிளின் அதே மாடிக் கணக்கு, ஆனால் தெருவுக்கு வெளிச்சம் மிச்சம். முன்னால் முழு அகலத்துக்கும் இளஞ்சிவப்புக் கிரானைட் முற்றம். இரண்டு பக்கமும் தண்ணீர்த் தொட்டிகள், ஓரங்களில் பச்சை மார்பிளில் நீண்ட கட்டைச் சுவர்கள். தெருவிலிருந்து மூன்றே படி ஏற்றம். எதிரே 1918-ல் கட்டிய ராக்கெட் அண்ட் டென்னிஸ் கிளப், இத்தாலிய அரண்மனை பாணியில். முற்றத்தில் நின்றால் அந்தப் பழைய கட்டடம் முழுதாகத் தெரிகிறது. எதிர்க்கட்டடத்துக்கும் சேர்த்து ஒரு பார்வைத் தூரத்தைக் கொடுத்தது இந்த முற்றம். மீஸ் பார்க் அவென்யூவின் மாதிரியை மேசை மேல் கண்மட்டத்துக்குச் செய்துவைத்து, தன் கட்டடத்தை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துத்தான் இந்தத் தூரத்தை முடிவு செய்தார்.

ஒரு விஷயத்தைப் படங்கள் மறைத்துவிடும். முன்னாலிருந்து எடுத்த படத்தில் தனிக் கோபுரம் தெரிகிறது. பக்கத் தெருக்களில் நடந்தால்தான் கோபுரத்தின் முதுகில் ஒரு பத்து மாடிப் பகுதியும், அதன் இருபுறமும் நான்கு மாடிச் சிறகுகளும் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியும். கால்பங்குக் கோபுரத்தில் மட்டும் வாடகை கட்டுபடியாகாது, இடத்தை எங்காவது ஈடுகட்ட வேண்டும். அதைப் பின்னால் வைத்தார்கள். இதைச் சிலர் பித்தலாட்டம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வியாபாரக் கட்டடம் வியாபாரக் கணக்கைப் பார்க்கத்தான் வேண்டும், அதை எங்கே வைக்கிறோம் என்பதில்தானே திறமை.

பித்தலாட்டம் என்று பேச வேண்டுமானால் அந்தச் சுவரைப் பற்றித்தான் பேச வேண்டும். மீஸின் பெயரோடு 'அமைப்பின் நேர்மை' என்ற வாசகம் ஒட்டிக்கொண்டே வரும். கட்டடத்தைத் தாங்குவது எதுவோ அதுவே வெளியே தெரிய வேண்டும், அலங்காரம் கூடாது என்பது. சீக்ராமின் முகத்தில் தரைக்கு மேலிருந்து உச்சிவரை நெடுக ஓடும் ஐ-பீம் கம்பிகளை (குறுக்குவெட்டில் ஆங்கில 'I' எழுத்துப் போல இருக்கும் உலோகச் சட்டங்கள்) பார்ப்பவர்கள் அவைதான் கட்டடத்தைத் தாங்குகின்றன என்று நினைப்பார்கள். அவை எதையும் தாங்கவில்லை. உண்மையான எஃகுத் தூண்கள் உள்ளே இருக்கின்றன. தீ விபத்தில் எஃகு இளகிவிடும் என்பதால் அவற்றைக் கான்கிரீட்டால் மூட வேண்டும் என்பது விதி. தாங்குவதைக் காட்ட முடியாது, அதனால் தாங்குவது போன்ற ஒன்றை வெளியே வைத்துக் காட்டினார்.

இந்தத் தந்திரம் சீக்ராமுக்கு முன்பே தொடங்கிவிட்டது. சிகாகோவில் ஏரிக்கரையில் 1951-ல் முடிந்த அவருடைய இரட்டை அடுக்குமாடிக் குடியிருப்புகளிலேயே தூண்களின் மேல் இப்படி ஐ-பீம்களைப் பற்றவைத்திருந்தார். ஏன் என்று கேட்டபோது, முதலில் உண்மையான காரணத்தைச் சொல்கிறேன், பிறகு நல்ல காரணத்தைச் சொல்கிறேன் என்றாராம். உண்மையான காரணம், அது இல்லாமல் சன்னல்களின் லயம் தூண் வந்த இடத்தில் அறுந்துபோகிறது, பார்க்கச் சரியாக இல்லை. நல்ல காரணம், தூணை மூடிய தகட்டுக்கு அது விறைப்புக் கொடுக்கிறது. தன்னையே கிண்டல் செய்துகொள்ளத் தெரிந்த மனிதர் என்று இதிலிருந்து எனக்குப் படுகிறது.

சிகாகோவில் எஃகு, சீக்ராமில் வெண்கலம். சுமார் 1,500 டன். இந்தக் கட்டடத்துக்கென்றே நாலரை அங்குலத்துக்கு ஆறு அங்குல ஐ வடிவத்தில் அச்சிலிருந்து இழுத்தெடுத்தார்கள். பெயர்தான் வெண்கலம், கலவையைப் பார்த்தால் செம்பும் துத்தநாகமும், அதாவது பித்தளைக்கு நெருங்கிய உறவு. நம் வீட்டுக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறோமே, அதற்கு நேர்மாறான ஒரு பராமரிப்பு இதற்கு உண்டு. பச்சைக் களிம்பு ஏறாமலும் பளிச்சென்று ஆகிவிடாமலும் அந்தப் பழுப்பிலேயே நிற்க ஆண்டுதோறும் எண்ணெய் பூச வேண்டும். கண்ணாடிக்கும் இளம் பழுப்புச் சாயல். படத்தில் நீங்கள் கறுப்பாகப் பார்த்தது உண்மையில் இந்த இரண்டு பழுப்புகளும் சேர்ந்தது. சாயங்கால வெயிலில் கறுப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அளவுகளில் காட்டிய பிடிவாதம் இன்னொன்று. கம்பிக்குக் கம்பி நாலு அடி ஏழரை அங்குலம். அது ஆறு சேர்ந்தால் தூணுக்குத் தூண் 27 அடி 9 அங்குலம். முகப்பில் ஐந்து கட்டம், ஆழத்தில் மூன்று. முற்றத்தின் கல்தளம், லாபி, மேல்மாடிகளின் தடுப்புச் சுவர்கள் எல்லாம் இந்தக் கட்டத்துக்குள் வந்தாக வேண்டும். முற்றத்தில் போட்ட அதே கிரானைட் கண்ணாடியைத் தாண்டி 24 அடி உயர லாபிக்குள்ளும் தொடர்கிறது. உள்ளே லிஃப்ட் சுவர்கள் டிராவர்டைன் கல். வெளியே முடிந்து உள்ளே தொடங்குவது எங்கே என்று காலுக்குத் தெரியாது.

சன்னல் திரைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒவ்வோர் அலுவலரும் தன் இஷ்டத்துக்குத் திரையை ஏற்றி இறக்கினால் வெளியிலிருந்து பார்க்க அலங்கோலமாகிவிடும். அதனால் திரைகள் மூன்றே நிலையில் நிற்கும்: முழுதாகத் திறந்து, பாதி, முழுதாக மூடி. வெயில் பட்டுக் கண் கூசுகிறவர் பாதிக்கும் முழுசுக்கும் நடுவே வைத்துக்கொள்ள வழியில்லை. கட்டடக்கலைப் பாடத்தில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். உள்ளே உட்கார்ந்து வேலை பார்த்தவர்களின் கருத்தை யாரும் பாடத்தில் சேர்ப்பதில்லை. இரவுக்கும் ஏற்பாடு உண்டு. ஒளியமைப்பாளர் ரிச்சர்ட் கெல்லி, சன்னலோரக் கூரை முழுக்க விளக்குத் தட்டிகளாக்கினார். இருட்டியபின் கோபுரம் முழுவதும் ஒரே சீராக உள்ளிருந்து ஒளிர வேண்டும் என்பது நோக்கம்.

காற்றைத் தாங்கும் ஏற்பாடு பொறியாளர்களுக்குப் பிடிக்கும். லிஃப்ட் இருக்கும் நடுப்பகுதியில் 17-ஆம் மாடிவரை கான்கிரீட் சுவர், அதற்கு மேல் 29-ஆம் மாடிவரை எஃகுக் குறுக்குச் சட்டங்கள். இந்தக் கான்கிரீட் சுவர் வருகிற இடத்தில் கோபுரத்தின் பின்பகுதிக்குச் சன்னல் வைக்க முடியாது. மீஸ் அங்கேயும் வெண்கலக் கம்பிகளை விடாமல் ஓட்டி, கண்ணாடிக்குப் பதில் கரும்பச்சை மார்பிளைப் பொருத்திவிட்டார். வடக்கு தெற்குப் பக்கங்களைப் பார்த்தால் கண்ணாடி போடாத சன்னல்கள் தெரியும்.

1958-ல் கட்டி முடிந்தபோது ஆன செலவு 3.6 கோடி டாலர். அன்றைக்கு ஓர் அலுவலகக் கட்டடத்துக்குக் கேள்விப்படாத தொகை. இங்கேதான் வரித்துறை வருகிறது.

நியூயார்க் நகரம் சொத்து வரிக்காகக் கட்டடத்தின் மதிப்பைச் சுமார் 2.1 கோடி டாலர் என்று போட்டது. நிறுவனம் வழக்குப் போட்டது. அலுவலகக் கட்டடத்துக்கு மதிப்பு என்பது அது ஈட்டும் வாடகையை வைத்துத்தான், அந்தக் கணக்கில் பார்த்தால் எங்கள் கட்டடம் இதைவிடக் குறைவு என்பது அவர்கள் வாதம். பாதி மனையை முற்றமாக விட்டு, எஃகுக்குப் பதில் வெண்கலம் போட்டால் வாடகை கூடிவிடுமா என்ன? மாநிலத்தின் உச்ச நீதிமன்றமான மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போய் 1964-ல் சீக்ராம் தோற்றது. இவ்வளவு பணம் போட்டுக் கட்டி முடித்த உடனேயே பாதி மதிப்பு போய்விட்டது என்றால் எப்படி நம்புவது, வாடகையில் வராத ஒரு கௌரவம், ஒரு விளம்பரம் இதன் உரிமையாளருக்குக் கிடைக்கிறது, அதற்கும் மதிப்பு உண்டு என்றது நீதிமன்றம். சட்டப்படி அதில் தர்க்கம் இருக்கிறது. ஆனால் அடுத்து கட்ட நினைத்தவர்களுக்கு அதன் அர்த்தம் ஒன்றுதான்: மலிவாகக் கட்டினால் வரி குறைவு, அழகாகக் கட்டினால் அழகுக்கும் சேர்த்து வரி. அன்றே இதைக் கட்டடக்கலை விமர்சகர்கள் கடுமையாகத் திட்டினார்கள்.

ஒரு கை இப்படி அபராதம் போட, நகரத்தின் இன்னொரு கை அதே முற்றத்துக்குப் பரிசு கொடுத்துக்கொண்டிருந்ததுதான் வேடிக்கை. 1961-ல் மண்டல விதிகளை முழுக்க மாற்றி எழுதினார்கள். படிக்கட்டு முறை போய், நம்மூரில் எஃப்.எஸ்.ஐ. என்று சொல்லும் பரப்பு விகிதக் கணக்கு வந்தது. அடர்த்தி மிகுந்த அலுவலகப் பகுதிகளில் மனைப் பரப்பைப் போல 15 மடங்கு கட்டலாம். தரையில் பொதுமக்களுக்கு ஒரு சதுர அடி முற்றம் விட்டால் மேலே 10 சதுர அடி கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம், 18 மடங்குவரை. சீக்ராமையும் லீவர் ஹவுஸையும் மனதில் வைத்துத்தான் இந்தச் சலுகை.

கட்டுநர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கல் பாவிய ஒரு வெற்றுத்தரைக்கு ஆகும் செலவு சொற்பம், கிடைக்கும் மாடிகளின் மதிப்போ பல மடங்கு. அடுத்த சில பத்தாண்டுகளில் மன்ஹாட்டன் முழுக்க முற்றங்கள் முளைத்தன. சிக்ஸ்த் அவென்யூவில் வரிசையாகவே பார்க்கலாம். சீக்ராமின் முற்றம் எடுப்பாகத் தெரிந்ததற்குக் காரணம் சுற்றிலும் மற்ற கட்டடங்கள் தெருவோடு ஒட்டி மதில்போல் நின்றதுதான். எல்லோரும் பின்வாங்கியதும் மதிலும் இல்லை, முற்றமும் இல்லை. குளிர்காற்று வீசும் கல்வெளிதான் மிச்சம். 2000-ல் வெளியான ஓர் ஆய்வு இப்படிச் சலுகைக்காக உருவான இடங்களை எண்ணிப் பார்த்தது. 320 கட்டடங்களில் 503 இடங்கள். அவற்றில் 41 சதவீதம் பெரிதாக எதற்கும் பயன்படாதவை என்று தேறியது.

அப்படியானால் சீக்ராமின் முற்றத்தில் மட்டும் ஏன் கூட்டம் சேர்ந்தது? 1970-களின் தொடக்கத்தில் வில்லியம் வைட் என்ற ஆய்வாளர் கேமராவும் நோட்டுமாக முற்றம் முற்றமாகப் போய் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்த்தார். விடை சிரிப்பு வரவழைக்கும் அளவுக்கு எளிமை: உட்கார இடமிருந்தால் ஜனங்கள் உட்காருகிறார்கள். சீக்ராமில் அந்த மார்பிள் கட்டைச் சுவரும் படிகளும் தொட்டியின் விளிம்பும் உட்காரத் தோதாக இருந்தன. இது திட்டமிட்டுச் செய்ததும் இல்லை. அந்தக் கட்டைகளில் யாரும் உட்காரக் கூடாது என்றுதான் வடிவமைத்தோம், ஆனாலும் ஜனங்கள் விடவில்லை என்று ஜான்சனே பிற்பாடு ஒப்புக்கொண்டார். வைட்டின் பரிந்துரைப்படி 1975-ல் விதி திருத்தப்பட்டது: சலுகை வேண்டுமானால் 30 சதுர அடி முற்றத்துக்கு ஓர் அடி நீளமாவது உட்காரும் இடம் இருக்க வேண்டும். மீஸ் தற்செயலாகக் கொடுத்ததை அரசிதழில் எழுதிக் கேட்டு வாங்கினார்கள்.

கோபுரத்தின் நகல்களுக்கு நேர்ந்ததும் இதேதான். லாம்பர்ட் சொன்னது போல மீஸிடம் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள், ஆனால் கட்டத்தையும் கண்ணாடியையும் மட்டும். வெண்கலத்துக்குப் பதில் அலுமினியம், ஆறு அங்குல ஐ-பீமுக்குப் பதில் ஒன்றரை அங்குலப் பட்டை. சீக்ராமில் அந்தக் கம்பியின் ஆழத்தால்தான் சுவரில் நிழல் விழுகிறது. பக்கவாட்டில் நின்றால் கண்ணாடி மறைந்து கம்பிகள் மட்டும் அடர்ந்து தெரியும், நேரே வந்தால் விலகிக் கண்ணாடி தெரியும். நடக்க நடக்கக் கட்டடம் மாறிக்கொண்டே இருக்கும். நிழலைச் செலவென்று கழித்ததும் மிஞ்சியது பெட்டி. நீங்கள் ஊரெங்கும் பார்த்ததாகச் சொல்வது அந்தப் பெட்டியைத்தான்.

உள்ளே இருந்த ஃபோர் சீசன்ஸ் உணவகம் தனிக் கதை. 1959-ல் திறந்தது, உள் வடிவமைப்பு ஜான்சன். சன்னல்களில் மெல்லிய உலோகச் சங்கிலித் திரைகள், குளிர்சாதனக் காற்றில் அலையலையாக நெளியும். ஓவியர் மார்க் ராத்கோவிடம் சுவருக்கு ஓவியங்கள் கேட்டிருந்தார்கள். வரைந்தும் விட்டார். பிறகு ஒருநாள் அங்கே போய்ச் சாப்பிட்டார். சாப்பிட வருகிறவர்களைப் பார்த்ததும் மனம் மாறி, வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தத் தொகுதியில் ஒன்பது ஓவியங்கள் லண்டன் டேட் காட்சியகத்தில் இருக்கின்றன. உணவகம் அந்த இடத்தில் 2016 வரை நடந்தது.

சீக்ராம் நிறுவனம் 1979-லேயே கட்டடத்தை ஆசிரியர்களுக்கான ஓய்வூதியக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்கு விற்றுவிட்டது. 1989-ல் கட்டடம், முற்றம், லாபி, உணவகம் எல்லாமே நகரின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாயின. உணவகத்தின் உள்ளலங்காரத்தைப் பாதுகாக்க நகரத்துக்கு அதிகாரம் இல்லை என்று உரிமையாளர் வழக்காடிப் பார்த்து 1993-ல் தோற்றார். 2000-ல் ஏபி ரோசனின் நிறுவனம் 37.5 கோடி டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டு சீக்ராம் நிறுவனத்தையே பிரான்ஸின் விவெண்டி விழுங்கியது. மதுவகைப் பெயராக மட்டும் எஞ்சிய ஒரு நிறுவனத்தை இன்று பலர் நினைவு வைத்திருப்பது இந்த முகவரியால்தான். 1964-ன் நீதிபதிகள் விளம்பர மதிப்பு என்று சொன்னதைக் குறைத்துத்தான் மதிப்பிட்டிருக்கிறார்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

லாம்பர்ட் இந்த வேலைக்குப் பின் மீஸின் சிகாகோ கல்லூரியிலேயே முறையாகக் கட்டடக்கலை படித்தார். 1979-ல் மான்ட்ரியாலில் கனடியக் கட்டடக்கலை மையத்தை நிறுவினார். ஜான்சனோ எதிர்த்திசையில் போய், சில தெருக்கள் தள்ளி மேடிசன் அவென்யூவில் பழைய பீரோவின் தலை போன்ற உச்சி வைத்த கட்டடத்தை 1984-ல் எழுப்பி, மீஸின் பள்ளிக்கே முடிவுரை எழுதப் பார்த்தார்.

குறையும் சொல்லிவிட வேண்டும். எரிபொருள் மலிவாக இருந்த காலத்துக் கட்டடம் இது. ஒற்றைக் கண்ணாடி, திறக்க முடியாத சன்னல், வெயிலையும் குளிரையும் சுலபமாகக் கடத்தும் வெண்கலச் சட்டம். கூடவே கூரையோரம் முழுக்க விளக்கு. நியூயார்க் நகரம் பெரிய கட்டடங்களின் மின்சிக்கனத்தை 2012-ல் பகிரங்கமாக்கியபோது 100-க்கு சீக்ராம் வாங்கிய மதிப்பெண் 3. அதைவிட வயதான எம்பயர் ஸ்டேட் கட்டடம் புதுப்பித்தபின் வாங்கியது 80. கல்சுவரும் சிறிய சன்னலும் உள்ள பழைய கட்டடத்தைச் சீர்திருத்துவது எளிது. முகமே கண்ணாடியும் வெண்கலமுமாக இருந்து, அந்த முகத்துக்கே சட்டப் பாதுகாப்பும் இருக்கும்போது கைவைப்பது கஷ்டம். கண்ணாடியைத் தடிப்பாக்கினால் நிறம் மாறும், நிறம் மாறினால் வெண்கலத்தோடு சேராது. வெப்ப நாடுகளில் இந்தப் பெட்டியை நகலெடுத்தவர்கள் முதலில் கவனித்திருக்க வேண்டியது இந்த இடத்தைத்தான். அவர்கள் கம்பியின் நிழலை விட்டுவிட்டுக் கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள், இப்போது ஏ.சி.க்கு மாதாமாதம் கட்டுகிறார்கள்.